படியிறங்கிய டிரம்

தூக்கி வர முடிந்தவன் வாசிக்கலாம். பாட்டும் ஆட்டமுமாக நடக்கிற எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூடத்தில் சட்டம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். எவரும் எழுதி மாட்டவில்லை, எவரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

கூடம் மாடியில் இருந்தது. கீழே சலவைக்கடை. படிக்கட்டு செங்குத்தாக ஏறி, பாதியில் ஒரு சின்னத் தளத்தில் திரும்பி, மறுபடி செங்குத்தாக ஏறும். பியானோ மேலேயே கிடந்தது. ஊதுகிறவர்களுடைய சுமை ஒரு கையில் அடங்கிவிடும். ஆகவே சட்டம் டிரம்காரன் தலையில்தான் விழுந்தது. அவனுடைய டிரம்மை வேறொரு கை தொட்டுப் படியேற்றினால் அடுத்த வாரம் அந்த முக்காலியில் வேறு ஆள் உட்காருவான். போ என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவனே வரமாட்டான்.

ஹோசியா அப்படித்தான் போனார். அவருடைய மருமகன் நல்ல பிள்ளை. மாமாவுக்கு மூச்சு வாங்குகிறதே என்று பெரிய டிரம்மைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிவிட்டான். அன்று ஹோசியா நன்றாகவே வாசித்தார். முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுத்தார். எங்களுக்கெல்லாம் புரிந்தது. மருமகன் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றான்.

அவருக்குப் பின்னால் அந்த முக்காலியில் உட்கார்ந்தவன் ஓடெல், என் தங்கை வெர்னிஸின் புருஷன். மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்கு அவனும் நானும் ஒரே ரயிலில் வந்தோம். எஃகு ஆலையில் ஒரே உலைக்கு முன்னால் நின்றோம். எனக்கு முதுகு போயிற்று. அவனுக்கு நெஞ்சு போயிற்று. ஆலை அவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகு வாரத்தில் ஆறு நாள் அவன் பேசுவதே இல்லை என்று வெர்னிஸ் சொல்வாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பான். சனிக்கிழமை மாலை சட்டைக்குக் கஞ்சி போடச் சொல்லும்போதுதான் வாய் திறக்கும்.

"அண்ணே, அந்த ஞாயித்துக்கிழமையும் போச்சுன்னா மனுஷன் போயிடுவாரு" என்றாள் ஒருநாள். "எப்படியாவது அந்தச் சுமையைக் குறைச்சுக் குடு."

குறைப்பது என் வேலையாயிற்று.

முதலில் சிம்பல் தட்டுகளைத் தாங்குகிற ஸ்டாண்டுகள். இந்தக் காலத்துப் பையன்கள் வாங்குகிற ஸ்டாண்டு ஒவ்வொன்றும் பாலத்துக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி இருக்கும். இரட்டைக் கால், கட்டைக் குழாய். ஓடெலும் அப்படி ஒரு ஜோடி வைத்திருந்தான். அடகுக்கடை அடகுக்கடையாக ஏறி இறங்கி, முப்பது வருஷத்துக்கு முந்தைய தட்டைக்கால் ஸ்டாண்டுகளாகப் பொறுக்கினோம். மெல்லிய குழாய், கால்கள் தரையோடு படுத்துக்கொள்ளும், மடக்கினால் கக்கத்தில் அடங்கும்.

"என்ன மச்சான் இது, கொக்குக் காலு மாதிரி இருக்கு? என் சிம்பலைத் தாங்குமா?"

"கொக்கு நின்னுட்டுத்தானே தூங்குது மாப்ள. விழுந்து பாத்திருக்கியா?"

சிம்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கு நேர்கீழே ஒரு கால் இருக்கவேண்டும். மாற்றி வைத்தால் கொக்கு குப்புற விழும். அதைப் பழகிக்கொண்டால் அதுபோல் ஸ்டாண்டு கிடையாது. காலால் மிதிக்கிற பெடலும் அப்படியே பழசாகப் பார்த்து எடுத்தோம். முக்காலி ஒன்றை நானே மெல்லிய தகடு மடித்துச் செய்தேன். சிம்பல்களை மெல்லிசாக மாற்றினான். இரண்டு குளிர்காலத்தில் பாதிச் சுமை கழிந்தது.

பெரிய டிரம்மைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

காலால் அடிக்கிற அந்த டிரம் உலகப்போர் முடிந்த வருஷத்தில் வாங்கியது. மேலே முத்துப்போல மினுங்கும் வெள்ளை உறை ஒட்டியிருக்கும். சிகரெட் புகையும் வருஷங்களும் சேர்ந்து அதைப் பால்விட்ட தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தன. உள்ளே மூன்றடுக்கு மரம். இரண்டு விளிம்பிலும் மரம் கோணாமல் இருக்க உட்பக்கமாக வளைத்து ஒட்டிய கெட்டி வளையம். எல்லாரும் பிளாஸ்டிக் தோலுக்கு மாறிய பிறகும் அவன் அதில் கன்றுத்தோல்தான் மாட்டியிருந்தான்.

சின்னதாக ஒன்று பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு போனேன். கடையில் அழகான ஒரு சின்ன டிரம் இருந்தது. பித்தளைப் பட்டயத்தில் பொறித்திருந்த பேரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தேன்.

"எழுத்து படிக்கத் தெரிஞ்சதும் உனக்கு மத்த புத்தி போச்சு" என்றான் ஓடெல். "பேரா வாசிக்கப்போவுது? உள்ள மோந்து பாரு. தண்ணியில கெடந்துதான்னு தெரியும். கண்ணாடி மேல கவுத்து வை. எங்கயாவது வெளிச்சம் ஒழுகுதா பாரு. எவனாவது புதுசா ஓட்டை போட்டிருக்கானா பாரு. ஓட்டை போட்ட டிரம்மு பொய் சொன்ன பொண்டாட்டி மாதிரி. வாழலாம், ஆனா காது அங்கயே போயிட்டிருக்கும்."

"வெர்னிஸ்கிட்ட சொல்றேன் இரு."

"அவகிட்ட ஒரு ஓட்டையும் இல்ல. அதான் என் கஷ்டமே."

கவிழ்த்துப் பார்த்தோம். வெளிச்சம் ஒழுகவில்லை. வாசனை நன்றாக இருந்தது. திருகெல்லாம் விரலால் சுற்றியது. பெடலை மாட்டி ஒரே அடி அடித்தான். தலையை ஆட்டினான்.

"நாய்க்குட்டி. குரைக்குது."

"பழகிக்கும் மாப்ள."

"நாய்க்குட்டி நாயாகும். மாடாகாது."

அவனுடைய பெரிய டிரம் வேறு ஜாதி. அடித்தால் சத்தம் என்றே தோன்றாது. தூரத்தில் ஒரு பெரிய வீட்டில் கனமான கதவை யாரோ மரியாதையோடு சாத்துகிற மாதிரி இருக்கும். மெதுவான பாட்டு வந்தால் டில்லர்ட் கிழவரும் அவர் மனைவியும் எழுந்து நின்று, அந்தக் கதவு சாத்துகிற அசைவுக்கு மட்டும் காலை எடுத்து வைப்பார்கள். அந்த டிரம்மை விட்டுவிட்டு வேறொன்றில் வாசிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடைக்காரரிடம் சின்னதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அவன் டிரம்களை என் வீட்டு நிலவறைக்குக் கொண்டுவருவான். நான் துணியால் துடைப்பேன், திருகுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். கன்றுத்தோலுக்கு வானிலை தெரியும். ஈரம் வந்தால் தொங்கும், வறண்டால் இறுகும். குளிர்காலத்தில் அடுப்பு எரிகிற வீட்டில் அதைக் கொஞ்சம் தளர்த்திவைத்தால் நல்லது என்று நான் திருகில் கை வைத்தால் அவனுக்குப் பொறுக்காது.

"கால் சுத்து. அதுக்கு மேல தளத்தாத."

"நாலு நாள் சும்மாதானேடா கெடக்குது."

"முழுசாத் தளத்தினா தோலு விளிம்பைப் புடிச்ச புடிய மறந்துடும். விக்கப்போறவன் தளத்துவான், செத்துப்போனவன் வீட்டுல தளத்துவாங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை வருது."

இலை உதிர்கிற மாதத்தோடு அவன் டிரம்மைக் கொண்டுவருவது நின்றது. கேட்டால், "நல்லாத்தான் இருக்கு மச்சான், அடுத்த வாரம் பாப்போம்" என்பான். நெஞ்சு இரைக்கிறவன், என் நிலவறைப் படியும் அவனுக்குப் படிதானே என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் பனி கொட்டியதைச் சிகாகோ அதற்கு முன் கண்டதில்லை. கார்களெல்லாம் புதைந்துபோயின. ஆனாலும் ஞாயிறு மதியம் கூடம் நடந்தது. ஓடெல் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவான். நாங்கள் மேலே போகும்போது டிரம் கட்டி முடிந்திருக்கும். படிக்கட்டின் கீழே, சலவைக்கடைச் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டு நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் அவர்களை நீதிபதிகள் என்போம். யார் எதைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள் என்று பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

பனி விழத் தொடங்கிய பிறகுதான் சத்தம் மாறியது. கதவு சாத்துகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, வறண்டு, காலி அட்டைப்பெட்டியைக் குத்துகிற மாதிரி ஆயிற்று. ஒரு ஞாயிறு பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முத்து உறை, ஒட்டிய இடத்தில் உதடு மாதிரி விரிந்திருந்தது. தோலை அழுத்திப் பிடிக்கிற வெளி மர வளையம் கோணியிருந்தது. சூட்டில் கிடந்த டிரம்தான் அப்படி ஆகும். முப்பது வருஷம் அதை அடுப்புப் பக்கம் அண்டவிடாதவன் ஓடெல். எனக்குக் கோபம் வெர்னிஸ் மேல் வந்தது.

மறுநாள் நேராக அவள் சமையலறைக்குப் போனேன். பன்றிக்கால் போட்டுக் கீரை வெந்துகொண்டிருந்தது. ஓடெல் உள்ளறையில் படுத்திருந்தான்.

"எங்க வச்சிருக்க அந்த டிரம்மை? அடுப்புக்குப் பக்கத்துலயா? அறிவிருக்கா உனக்கு?"

கரண்டியோடு திரும்பினாள். "எந்த டிரம்மை?"

"பெரிய டிரம்மை. மரம் பொளந்துகிட்டு வருது."

"அது உங்கிட்டல்ல இருக்கு?"

"எங்கிட்டயா?"

"ரூஃபஸ் வீட்டு நெலவறைதான் தோலுக்கு ஒத்துக்குது, அங்கயே வச்சிருக்கேன்னு சொன்னாரு. ஞாயித்துக்கிழமை நீ படிக்குக் கீழ கொண்டாந்து குடுப்பியாம், பெட்டி மட்டும்தான் இங்க கெடக்குது."

உள்ளறையில் இருமல் கேட்டது. வெர்னிஸ் குரலைத் தாழ்த்தினாள். "என்னண்ணே நடக்குது?"

"ஒண்ணுமில்ல, நான்தான் மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த கீரையைச் சோள ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வாயில் ருசி தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு சீக்கிரமே போய்ச் சலவைக்கடை வாசலில் நின்றேன். வெர்னிஸ் காரை நிறுத்தினாள். ஓடெல் இறங்கினான். ஒரு கக்கத்தில் கொக்குக்கால் ஸ்டாண்டுகள், தோளில் சிம்பல் பையும் சின்ன டிரம்மும். மற்றக் கையில் பெரிய டிரம்மின் வட்டப் பெட்டி. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்ன மச்சான், பூசை முடிஞ்சு நேரா வந்துட்டியா? பாவமன்னிப்பு பாதியிலயே நிக்குதா?"

"நீ ஏறு. பின்னால வரேன்."

நீதிபதிகள் வழிவிட்டார்கள். "ஏறு ஓடெல், ஏறு. இளவட்டம் போகுது பாருங்கய்யா" என்றார் ஒருவர். அவன் ஏறினான். ஒரு படி, ஒரு மூச்சு. நான் இரண்டு படி கீழே கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு போனேன். யாருக்குப் பின்னால் போனாலும் கையைப் பைக்குள் வைத்துக்கொள்வதுதான் எங்கள் மரியாதை.

திருப்பத்துக்குக் கொஞ்சம் கீழே அவன் காலில் ஒட்டியிருந்த பனி வழுக்கியது. உடம்பு பின்னால் சாய்ந்தது. பெட்டி கையைவிட்டு வந்தது. உலைக்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் நின்றவன் கை யோசித்துக்கொண்டிருக்காது. ஒரு கையால் அவன் முதுகைத் தாங்கினேன், மறுகையால் பெட்டியைப் பிடித்தேன். அந்தக் கனத்துக்கென்று இறுக்கிப் பிடித்த பெட்டி காற்றாக எழும்பி என் தாடையில் இடித்தது.

உள்ளே ஒன்றுமே இல்லை.

ஓடெல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கீழே நீதிபதிகள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பிறகு அதில் ஒருவர் வேண்டுமென்றே சத்தமாக, "பனி இன்னைக்கும் நிக்காதுபோல இருக்கே" என்றார். "நிக்காது, நிக்காது" என்றார்கள் மற்றவர்கள். எல்லாரும் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"குடு" என்றான் ஓடெல் மெதுவாக. கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கனமான பெட்டியைத் தூக்குகிறவன்போல இடுப்பைச் சாய்த்துக்கொண்டு ஏறினான்.

மேலே, பியானோ வாசிக்கிற மிஸ் கோராதான் கூடத்தின் சாவியை வைத்திருந்தாள். அவள் மேடைக்குப் பின்னால் இருந்த பொருளறைக் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டில் பெரிய டிரம் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, சலவைக்கடையிலிருந்து மேலேறுகிற நீராவிக் குழாய். கை வைத்தால் வெந்துபோகும் சூடு.

"என்னைப் பாக்காத ரூஃபஸ்" என்றாள் மிஸ் கோரா. "பூட்டுற எடம் இது ஒண்ணுதான். வாரம் பூரா கூடத்துக்குக் கண்டவனும் வரான். வெளிய வச்சா மறுநா இருக்காது."

"எப்போலேருந்து?"

ஓடெல்தான் பதில் சொன்னான். "இலை உதிரும்போது. ஒரு புதன்கிழமை பகல்ல. யாரும் இல்லாதப்போ. ஒரு படி ஏறுவேன், அது மேலயே உக்காருவேன். காலையில ஆரம்பிச்சது, மேல வந்து சேரும்போது கீழ கடைக்காரன் சாப்புட்டு வந்துட்டான். எவன் கையும் படல மச்சான். நான்தான் தூக்கிட்டு வந்தேன். எறக்கல, அவ்வளவுதான்."

நான் வாயைத் திறந்தேன்.

"சட்டம் தூக்கிட்டு வரணும்னுதானே சொல்லுது? எறக்கணும்னு சொல்லுதா?"

சிரிக்கவேண்டும் என்று பார்த்தான். இருமல்தான் வந்தது.

டிரம்மை வெளியே உருட்டினோம். அவன் உருட்டினான், நான் பார்த்தேன். மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். சாக்ஸஃபோன் வாசிக்கிற வென்டெல், பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கிறவர், கடைசியாக டில்லர்ட் தம்பதி. வாசிப்பு தொடங்கியது. ஓடெல் அன்றைக்குக் கையால் என்னென்னவோ செய்தான். சிம்பலில் மழை பெய்வித்தான். சின்ன டிரம்மைக் கம்பி இழைத் துடைப்பக் குச்சியால் வருடிக் கிசுகிசுத்தான். ஆனால் கால் வைத்த இடத்திலெல்லாம் அட்டைப்பெட்டி.

மெதுவான பாட்டு வந்தது. டில்லர்ட் கிழவரும் மனைவியும் எழுந்தார்கள். கைகோத்து நின்றார்கள். முதல் அடிக்குக் காலெடுக்கக் காத்திருந்தார்கள். அடி விழுந்தது. கிழவர் காலெடுத்தார், தடுமாறினார். அடுத்த அடி. அவர் மனைவி எதையோ தேடுகிறவள்போலத் தரையைப் பார்த்தாள். பாட்டு பாதி போவதற்குள் கிழவர் அவள் தோளைத் தட்டிக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். "முட்டி வலிக்குது" என்று பக்கத்து மேசைக்குச் சொன்னார்.

ஓடெல் அதைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும். கை தப்பவில்லை. பாட்டை ஒழுங்காக முடித்தான்.

இடைவேளையில் வென்டெல் என்னை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டுபோனான்.

"படியில பெட்டியைப் புடிச்சியாமே."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? காலிப் பெட்டி படியில இடிச்சா எப்படிச் சத்தம் வரும், ரொம்புன பெட்டி இடிச்சா எப்படி வரும்னு இங்க இருக்கிற எவனுக்குத் தெரியாது? ஆரம்பத்துலேருந்தே எல்லாருக்கும் தெரியும்டா. கீழ ஒக்காந்திருக்கிற கிழடுங்களுக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"என்ன பண்ணச் சொல்ற?" என்றான் வென்டெல். வாத்தியத்தின் வாயைத் துடைத்தான். "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத."

சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தபோது ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஓடெல் டிரம்மின் ஒரு பக்கத்துத் தோலைக் கழற்றச் சொன்னான். கழற்றி உள்ளே பார்த்தோம். உள்வளையம் மரத்திலிருந்து எழும்பி நின்றது. இடைவெளியில் என் கட்டைவிரல் நகம் போயிற்று. மூன்றடுக்கு மரத்தில் உள்ளடுக்கு, சேர்ந்த இடத்தில் வாய் திறந்திருந்தது.

"ஒட்டலாமா?" என்றான்.

"ஒட்டலாம். பசை காய்ச்சி ஊத்தி, இடுக்கி போட்டு, சுத்திக் கட்டி வச்சா நிக்கும். ஆனா இங்க வச்சு முடியாது. இந்தச் சூட்டுல இன்னும் ஒரு மாசம் இருந்தா அப்புறம் விறகுதான்."

"அப்போ எறக்கணும்."

"எறக்கினா..." என்று தொடங்கி நிறுத்தினேன். பிறகு சொன்னேன். "மாப்ள, நான் ஒட்டி முடிச்சதும், ஒருநா நான் வேற வேலையா இந்தப் பக்கம் வருவேன். அப்போ கையில ஒரு பெட்டி இருந்தா எவன் பாக்கப்போறான்? மிஸ் கோரா சாவி குடுப்பா."

"குடுப்பேன்" என்றாள் மிஸ் கோரா. "குழாயையும் வேணா மூடச்சொல்றேன். கம்பளி போத்திட்டு வாசிக்கலாம். நாம என்ன குழந்தைங்களா?"

ஓடெல் கழற்றிய தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டில்லர்டுக்கு முட்டி வலியாம்" என்றான். "அந்த ஆளுக்கு முட்டி எப்ப வலிச்சுது? தபால் மூட்டைய முதுகுல கட்டிக்கிட்டு இந்த ஊரு பூரா நடந்தவரு."

மிஸ் கோரா பியானோவை மூடினாள்.

"நாலு மாசமா நான் இந்த முக்காலிய மட்டும்தான் காப்பாத்திட்டிருந்தேன், மச்சான். அது பாவம், அங்க வெந்துட்டிருந்துது." டிரம்மை ஒரு தட்டுத் தட்டினான். "தோலை மாட்டு. பெட்டிய எடு. இன்னைக்கே எறக்கறேன்."

தோலை மாட்டினேன். அவனே பெட்டிக்குள் வைத்து வாரைக் கட்டினான். எங்கள் வழக்கத்தில் ஒருவன் கடைசி முறையாகத் தன் டிரம்மை இறக்கினால் அவனுக்கு முன்னால் எவனும் வீட்டுக்குப் போகமாட்டான். வென்டெல் கோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். டில்லர்ட் தம்பதி வாசலுக்கு வந்து நின்றார்கள்.

நான் அவனுக்கு இரண்டு படி கீழே, முகம் மேலே பார்க்கப் பின்பக்கமாக இறங்கினேன். கையைப் பைக்குள் விட்டு, முஷ்டியை மடக்கிக்கொண்டேன். அது வெளியே வந்துவிடும் என்று பயம். அவன் பெட்டியை ஒரு படி இறக்குவான், நெஞ்சால் முட்டுக்கொடுப்பான், தான் ஒரு படி இறங்குவான். ஒவ்வொரு படியிலும் பெட்டி இடித்தது. மந்தமான, நிறைந்த சத்தம். மூன்றாவது நாலாவது படியிலேயே கீழே நாற்காலிகள் நகர்வது கேட்டது.

திருப்பத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தான். உதடு சாம்பல் நிறம். மூச்சு விசில் அடித்தது.

"மச்சான்."

"சொல்லு."

"அடுத்த ஜென்மத்துல புல்லாங்குழல்."

"அதுலயும் நீ பெரிய புல்லாங்குழலாப் பாத்து வாங்குவ."

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மேலே கதவருகில் யாரும் அசையவில்லை. மிஸ் கோரா வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து வாரைப் பிடித்தான்.

கடைசிப் படிக்கு வந்தபோது நீதிபதிகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தொப்பி எல்லாம் கையில் இருந்தது. ஒருவரும் கேலி பேசவில்லை. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டுப் பார்த்தான். தலையாட்டிவிட்டு வெளியே போனான்.

வெர்னிஸ் காரிலிருந்து இறங்கிப் பனியில் நின்றுகொண்டிருந்தாள். நேரமாகிறதே என்று பயந்திருந்தாள். பெட்டி அவன் தோளை இழுக்கிற விதத்தைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள். வாரா வாரம் அந்தப் பெட்டியைப் பார்த்தவள்தானே, அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஓடிவந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டியவள் சட்டம் ஞாபகம் வந்து பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டாள்.

ஓடெல் பெட்டியை நடைபாதையில் வைத்தான்.

"புடி வெர்னிஸ்" என்றான். "இனிமே யாரு வேணா புடிக்கலாம்."

அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு பேராகத் தூக்கியபோது அதில் அப்படி ஒன்றும் கனமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பனி உருகிய பிறகு உள்வளையத்தை ஒட்டினேன். உள்ளடுக்குக்குப் பசை காய்ச்சி ஊற்றி, வார்களால் சுற்றிக் கட்டி, அடுப்பு இல்லாத மூலையில் நிறுத்தினேன். முத்து உறை விரிந்ததை முழுக்கச் சேர்க்க முடியவில்லை. ஒரு மயிரிழை தெரியும். வெளி மர வளையத்தை நனைத்துக் கட்டி நேராக்கினேன். கூடத்தில் இப்போது பக்கத்து ஊர் கேரியிலிருந்து வருகிற ஒருவன் வாசிக்கிறான். நன்றாகத்தான் வாசிக்கிறான். ஸ்டாண்டுகளை ஓடெல் அவனுக்கே கொடுத்துவிட்டான், சிம்பல் சாய்கிற பக்கம் கால் வைக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினான்.

ஒரு சனிக்கிழமை வெர்னிஸ் அவனை என் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நிலவறைப் படியில் அவனை நான் கைபிடித்து இறக்கினேன். அவன் கையை உதறவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து, மூச்சு அடங்கியதும் கட்டு அவிழ்த்திருந்த டிரம்மைப் பக்கத்தில் இழுத்தான். முஷ்டியை மடக்கி நடுத்தோலில் ஒரே தட்டு.

கதவு சாத்தியது. தூரத்தில், மரியாதையோடு.

"வந்துடுச்சு" என்றான்.

"வந்துடுச்சு மாப்ள."

கொஞ்சநேரம் கையைத் தோலின்மேல் வைத்தபடியே இருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"திருகுச் சாவி எங்க? தளத்திடு."

"கால் சுத்துதானே?"

"முழுசா" என்றான்.

ஒவ்வொரு திருகாக, எதிரும் புதிருமாக, தளர்த்தினேன். அவன் கையை எடுக்கவே இல்லை. தோல் அவன் உள்ளங்கைக்குக் கீழே மெல்ல மெல்ல இறங்கியது.